காலையில் டென்ட் நனைந்திருந்தால் முதலில் எதைப் பார்ப்பது? தனியாள் கூடாரத்தின் கோளாறுகளும் அவற்றைச் சரிசெய்யும் வழிகளும்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் வீட்டுப் பின்பக்கம், துணி காயப்போடும் கம்பிக்கும் கறிவேப்பிலை மரத்துக்கும் நடுவே ஓர் ஆள் படுக்கும் அளவுக்குப் புல்தரை இருக்கிறது. புது டென்ட்டை முதன்முதலில் விரித்தது அங்கேதான். எடை 900 கிராமுக்குச் சற்றுக் குறைவு. சிலிக்கான் பூசிய நைலான் துணி, உள்ளே தனியாகத் தொங்கும் கொசுவலை, முழுதையும் தூக்கி நிறுத்த, நடக்கும்போது ஊன்றும், நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஒரே ஒரு ட்ரெக்கிங் கம்பு. இதை வைத்துக்கொண்டு இரண்டு வருடமாக டிராக்கன்ஸ்பர்க் மலைகளில் தனியாக நடந்துவருகிறேன். இந்த டென்ட்டில் வரக்கூடிய கோளாறு ஏறக்குறைய எல்லாமே எனக்கு வந்துவிட்டது. அதில் பெரும்பாலானவை டென்ட்டின் குற்றமே இல்லை.

லேசான டென்ட் வாங்கிய பலர் முதல் பயணம் முடிந்ததும் "ஒழுகுது, சரியில்லை" என்று அதை அலமாரியில் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். விற்றுவிட்டு இன்னும் விலை கூடிய ஒன்றை வாங்கி, அதிலும் அதே குறையைச் சொல்கிறவர்களும் உண்டு. ஈரம் என்றால் எந்த இடத்தில், எந்த நேரத்தில், என்ன வடிவத்தில் என்று பார்த்தால் காரணம் தானாகத் தெரிந்துவிடும். அதனால் நீங்கள் கண்ணால் காணும் அறிகுறியிலிருந்தே தொடங்குகிறேன். உங்களுக்கு வேண்டிய இடத்துக்கு நேரே போய்விடலாம். இதுவரை மலைக்குப் போகாத டென்ட் என்றால் மட்டும் முதல் இரண்டு பகுதிகளையும் கட்டாயம் படித்துவிடுங்கள்.

உள்பக்கம் முழுவதும் துளித்துளியாக ஈரம், ஆனால் மழையே பெய்யவில்லை

விடியற்காலையில் எழுந்து விரலால் மேல்துணியின் உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். ஒரே சீராக எல்லா இடத்திலும் சிறு துளிகள் இருந்தால், அது உங்கள் மூச்சு. ஒரு ராத்திரியில் மூச்சிலும் தோலிலுமாக நம் உடம்பு வெளியே விடும் நீர் ஒரு டம்ளருக்கு மேல் இருக்கும். அது போக வழியில்லாமல் குளிர்ந்த துணியில் படிந்து நிற்கிறது. வெளியே புல்லும் நனைந்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

மேகமில்லாத ராத்திரியில்தான் இது அதிகம். துணி தன் சூட்டை வானத்தை நோக்கி விட்டுக்கொண்டே இருக்கும். சுற்றியுள்ள காற்றைவிடத் துணி குளிர்ந்துபோகும். திறந்த வெளியில் நிறுத்திய காரின் கூரை காலையில் நனைந்திருக்கும், மரத்தடியில் நிறுத்திய கார் காய்ந்திருக்கும், கவனித்திருப்பீர்கள். காரணம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

இதை முழுவதும் ஒழிக்க முடியாது, குறைக்கலாம். அதற்கு முதல் வேலை இடத்தை மாற்றுவது. என் முதல் பயணத்தில் காத்தீட்ரல் பீக் சிகரத்தின் பக்கம் உம்லம்போன்ஜா ஆற்றோரமாக, தண்ணீர் எடுக்க வசதியாக இருக்கும் என்று ஆற்றை ஒட்டிய தாழ்ந்த புல்வெளியில் டென்ட் போட்டேன். காலையில் தூக்கப்பையின் கால்பக்கம் பிழியும் அளவுக்கு நனைந்திருந்தது. குளிர்ந்த காற்று கனமானது. ராத்திரி முழுக்க அது சரிவில் இறங்கி வந்து பள்ளத்தில் தேங்கும், ஆற்றின் ஈரமும் அங்கேயே நிற்கும். அடுத்த ராத்திரி அதே பள்ளத்தாக்கில் கொஞ்சம் மேடேறி, லேசாகக் காற்று ஓடும் ஒரு திட்டில் போட்டேன். துளிகள் இருந்தன, தூக்கப்பை மட்டும் நனையவில்லை. டென்ட் அதேதான், வானமும் அன்று தெளிவாகத்தான் இருந்தது.

அப்புறம் காற்றுவழி. குளிருக்குப் பயந்து எல்லா ஜிப்பையும் இழுத்து மூடிக்கொள்வதுதான் நம்மவர்கள் செய்யும் முதல் தவறு. மழை இல்லாத ராத்திரியில் வாசல்துணியின் ஒரு பக்கத்தைச் சுருட்டிக் கட்டிவிடுங்கள். உச்சியில் இருக்கும் காற்றுத் துளைக்குச் சிறு குச்சி கொடுத்துத் திறந்து வைத்திருப்பார்கள், அது கவிழ்ந்து மூடிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். மேல்துணியின் கீழ் விளிம்பு தரையைத் தொடும் அளவுக்கு இறங்கியிருந்தால் கம்பை நான்கைந்து சென்டிமீட்டர் உயர்த்துங்கள், அடியில் காற்று புகும். குளிர்கிறதே என்றால் தொப்பி போட்டுக்கொள்ளலாம். தூக்கப்பைக்குள் முகத்தைப் புதைத்து மூச்சுவிடுவது மட்டும் கூடாது, அந்த ஈரம் முழுவதும் பைக்குள் போய்விடும்.

சமையலும் ஒரு காரணம். உள்ளே உட்கார்ந்து நூடுல்ஸ் கொதிக்கவைத்தால் அந்த ஆவி எல்லாம் துணியில்தான் ஏறும். அதைவிடப் பெரிய ஆபத்து, மூடிய டென்ட்டுக்குள் அடுப்பு எரிந்தால் சேரும் கார்பன் மோனாக்சைடு. மணமில்லாத அந்த வாயு ஆளைத் தூக்கத்திலேயே கொன்றுவிடும். மழையே ஆனாலும் வாசலைத் திறந்து, வெளித்திண்ணைப் பக்கம் (வாசல்துணிக்கும் கொசுவலைக்கும் நடுவே உள்ள இடம்) வைத்துத்தான் பற்றவைக்க வேண்டும். அங்கேகூட துணி தீக்கு மிக அருகில் இருக்கிறது என்பதால் நான் பெரும்பாலும் வெளியே பாறை மறைவில்தான் சமைக்கிறேன்.

இவ்வளவும் செய்து துளி இருந்தால், சின்னத் துணி ஒன்றை எடுத்து விழித்தவுடன் துடைத்துவிடுங்கள். பாத்திரம் துடைக்கும் உறிஞ்சுதுணி போதும். இரண்டு நிமிட வேலை. துடைக்காமல் எழுந்து நடமாடினால்தான் முதுகு உரசி எல்லாம் நனைகிறது.

மழையில் உள்ளே சொட்டுகிறது

இங்கே அவசரப்படாமல் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மூன்று வேறு காரணங்கள் ஒரே மாதிரித் தெரியும்.

கனமழை பெய்யும்போது முகத்தில் பன்னீர் தெளித்தாற்போல மெல்லிய தூறல் விழுகிறதா? துணி வழியாகவே மழை இறங்குகிறது என்று தோன்றும். பெரும்பாலும் அப்படி இல்லை. ஏற்கெனவே உள்பக்கம் படிந்த உங்கள் மூச்சு ஈரத்தை, வெளியே அடிக்கும் மழைத்துளி உதறிவிடுகிறது. இதற்கு மருந்து முந்தைய பகுதியில் இருக்கிறது.

ஒரே இடத்தில் சொட்டுச்சொட்டாக விழுகிறது, அல்லது தையலை ஒட்டி ஒரு கோடாக ஈரம் ஓடுகிறது என்றால் அது தையல். ஊசி குத்திய ஒவ்வொரு துளையும் ஒரு வாசல். சொட்டு விழும் இடம் ஓட்டை இருக்கும் இடமாக இருக்காது, அதைக் கவனியுங்கள். நீர் தையல் வழியே கீழே ஓடிவந்து, மடிப்போ முடிச்சோ தடுக்கும் இடத்தில்தான் விழும். சொட்டிலிருந்து மேலே பார்த்துக்கொண்டே போங்கள். கம்பு முட்டும் உச்சி, முகட்டுத் தையல், இழுகயிறு கட்டும் வளையங்கள், இந்த மூன்று இடங்களில் ஒன்றில் முடியும்.

மூன்றாவது, மேலே ஒன்றும் இல்லாமல் தரை ஓரத்தில் மட்டும் நீர். அதற்குத் தனியாக வருகிறேன்.

தையல் என்றால் என்ன செய்வது? முதலில் துணியின் பூச்சு என்ன என்று தெரிய வேண்டும். இரண்டு பக்கமும் சிலிக்கான் பூசிய துணியில் தொழிற்சாலையில் ஒட்டும் தையல் டேப் சாதாரணமாக ஒட்டாது. அதனால் பல டென்ட்டுகள் தையலை அடைக்காமலேயே விற்பனைக்கு வருகின்றன. அடைப்பது வாங்கியவரின் வேலை என்று துண்டுச்சீட்டில் சின்ன எழுத்தில் இருக்கும். பாலியூரித்தேன் பூசிய துணியில் டேப் ஒட்டியே வரும், வருடக்கணக்கில் அது உரியத் தொடங்கும். சிலிக்கான் துணிக்குச் சிலிக்கான் பசை, பாலியூரித்தேன் துணிக்குப் பாலியூரித்தேன் பசை. மாற்றிப் பூசினால் பிடிக்காது. சந்தேகமாக இருந்தால், கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் ஒரு பொட்டு வைத்து மறுநாள் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். தோல் மாதிரி உரிந்து வந்தால் அது தவறான பசை.

என் டென்ட் சிலிக்கான். நான் செய்தது இதுதான். ஹார்ட்வேர் கடையில் குளியலறைக்கு விற்கும் நிறமற்ற சிலிக்கான் சீலன்ட் ஒரு குழாய், கூடவே மினரல் டர்பன்டைன் ஒரு பாட்டில். பழைய ஊறுகாய் ஜாடியில் ஒரு பங்கு சிலிக்கான், இரண்டு பங்கு டர்பன்டைன் போட்டு, மூடிக் குலுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் கட்டிகட்டியாக இருக்கும், பத்து நிமிடத்தில் தேன் பதத்துக்கு வரும். அதைவிட நீர்த்தாலும் பரவாயில்லை, ஊசித்துளைக்குள் இறங்குவதற்கு அதுதான் நல்லது. டென்ட்டை விறைப்பாகக் கட்டி, வெளிப்பக்கம் எல்லாத் தையலிலும் சின்ன பிரஷ்ஷால் பூசுங்கள். விறைப்பாக இருந்தால்தான் துளை விரிந்து பசை உள்ளே போகும். வழிந்ததை உடனே துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் துணியில் நத்தை போன தடம் மாதிரி மினுமினுக்கும். திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும், அந்த வாடை தலைவலி கொடுக்கும்.

டர்பன் காற்று எப்போதும் ஈரமாக இருக்கிறதே, காயுமா என்று கவலைப்பட்டேன். சிலிக்கான் இறுகுவதே காற்றில் உள்ள ஈரத்தால்தான். மழை மட்டும் வராமல் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் கிடைத்தால் போதும். மறுநாள் தையல் மீது கொஞ்சம் டால்கம் பவுடர் தடவிவிட்டு மடித்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாது. மிச்சப் பசையை வீணாக்காமல், தரைத்துணியின் உள்பக்கம் ஒரு சாண் இடைவெளியில் மெல்லிய கோடுகளாக இழுத்துவிட்டேன். சரிவான இடத்தில் படுக்கை வழுக்கிக்கொண்டு காலடிக்குப் போகும் தொல்லை அதோடு தீர்ந்தது.

பிறகு சோதனை. தோட்டக் குழாயின் வாயை விரலால் பாதி மூடி, நீர் மேலே போய் மழையாக விழும்படி பிடிக்கச் சொல்லுங்கள். நேராக அடித்தால் எந்தத் துணியும் தோற்கும், அது சோதனை ஆகாது. எங்கள் ஆயா கால்மணி நேரம் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் உள்ளே டார்ச் விளக்கோடு படுத்து ஒவ்வொரு தையலையும் பார்த்தேன். "நனஞ்சியா?" என்று இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டே இருந்தார். உச்சியில் ஓர் இடம் மட்டும் கசிந்தது. சாக்பீஸால் குறி வைத்து, காய்ந்ததும் இன்னொரு முறை பூசினேன். இதே ஓட்டையை மலைமேல் ராத்திரி இரண்டு மணிக்குக் கண்டுபிடிப்பதை நினைத்தால் அந்தக் கால்மணி நேரம் எவ்வளவு பெரியது!

தரை ஈரமாகிறது

முழங்காலை ஊன்றும் இடத்தில் மட்டும் ஈரம் தெரிகிறதா? துணியின் நீர்த்தாங்கும் திறனை மில்லிமீட்டரில் சொல்வார்கள். துணிமேல் நீரைத் தூணாக நிறுத்தினால் எத்தனை மில்லிமீட்டர் உயரத்தில் கசியத் தொடங்கும் என்பதே அந்த எண். லேசான டென்ட்டுகளில் 1,200 என்றும் 3,000 என்றும் பார்க்கலாம். மேலே விழும் மழைக்குக் குறைந்த எண்ணே தாங்கும். நனைந்த மண்ணில் முழு உடம்பின் கனத்தையும் முழங்காலில் வைத்து அழுத்தினால் நிலைமை வேறு. அடியில் ஒரு விரிப்பு போட்டால் போதும்.

அந்த விரிப்பிலும் ஒரு சங்கதி இருக்கிறது. அது டென்ட்டின் தரையைவிடச் சுற்றிலும் நான்கு விரல் சிறியதாக இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், மேல்துணியிலிருந்து வழியும் மழையை அது ஏந்தி நேரே உங்கள் அடியில் கொண்டுவந்து சேர்க்கும். "விரிப்பு போட்டும் நனையுது" என்கிறவர்கள் முதலில் இதைப் பாருங்கள்.

மூலையில் மட்டும் குட்டையாகத் தேங்கினால், தொட்டி மாதிரி எழும்பி நிற்க வேண்டிய ஓரத்துணி படுத்துக் கிடக்கும். உள்வலையின் மூலைக் கயிறுகளை இறுக்குங்கள். எதுவும் இல்லாமல் நடுவில் ஈரம் என்றால் முள் குத்திய துளை. இருட்டு அறையில் அடியில் விளக்கை வைத்துப் பார்த்தால் நட்சத்திரம் போல மின்னும்.

படுக்கும்போது விறைப்பாக இருந்தது, நடுராத்திரி தொய்ந்து முகத்தில் விழுகிறது

நைலான் நீரை உறிஞ்சும், உறிஞ்சினால் நீளும். பனி இறங்கத் தொடங்கியதும் நீங்கள் ஆறு மணிக்கு இழுத்துக் கட்டிய டென்ட் ஒன்பது மணிக்குத் தொய்ந்திருக்கும். மெல்லிய துணியில் இது இன்னும் கூடுதல். 20 டெனியர் என்று எழுதியிருந்தால், அந்த நூலை 9,000 மீட்டர் நீளம் எடுத்தாலும் எடை 20 கிராம்தான் என்று அர்த்தம். அவ்வளவு மெல்லிய இழை. பாலியெஸ்டர் மிகக் குறைவாகவே நீரை இழுக்கும், அதனால் இந்தத் தொல்லை அதில் இல்லை என்றே சொல்லலாம். நைலானுக்கு வேறு பலம் உண்டு, கிழிசலைத் தாங்கும். எது வேண்டும் என்பது வாங்கும்போது முடிவு செய்ய வேண்டியது.

கையில் இருப்பது நைலான் என்றால், படுக்கப்போகும் முன் வெளியே ஒரு சுற்று சுற்றி எல்லாக் கயிற்றையும் மறுபடி இழுத்துவிடுங்கள். ராத்திரி எழுந்திருக்க வேண்டியிருந்தால், படுத்த இடத்திலிருந்தே கம்பை இரண்டு சென்டிமீட்டர் நீட்டிவிட்டாலும் முகடு நிமிர்ந்துகொள்ளும்.

ஈரமே இல்லாமல், கட்டியபோதே சுருக்கம் விழுந்தால் அது வேறு. வாசல் ஜிப்பைத் திறந்து வைத்துக்கொண்டு மூலைகளை அடித்திருப்பீர்கள், வாசல் பக்கம் அகலம் கூடியிருக்கும். மூலைகளை அடிக்கும்போது ஜிப் மூடியே இருக்கட்டும். முதலில் நான்கு மூலை, கொஞ்சம் தளர்வாக. அப்புறம் கம்பை நிறுத்துங்கள். அதற்குப் பிறகுதான் இறுக்க வேண்டும். முதலிலேயே இழுத்துக் கட்டிவிட்டால் கம்பு நிற்க இடமிருக்காது.

முளை பிடுங்கிக்கொண்டு வருகிறது

எங்கள் மாமா ஒருவர் கல்யாணத்துக்கும் பூசைக்கும் வீட்டு வாசலில் மார்க்கீ போடுகிறவர். முந்நூறு பேர் உட்கார்ந்து பிரியாணி சாப்பிடும் பந்தலை நாலு பேரை வைத்துக்கொண்டு ஒரு காலையில் எழுப்பிவிடுவார். என் டென்ட்டைப் பார்க்க வந்தவர், ஒரு முளையைக் காலால் தட்டினார். சாய்ந்துவிட்டது.

"தம்பி, முளையோட தலை எந்தப் பக்கம் பாக்குது?"

"டென்ட்டப் பாத்து, மாமா."

"அதான் வருது. தலை வெளிப்பக்கம் சாயணும், நுனி டென்ட்டுக்கு அடியில போகணும். கயிறு மண்ணோட மண்ணா இருக்கணும். ரெண்டு விரல் மேல ஏறுனாலும் நெம்பிரும்."

அவர் சொன்ன மாதிரி அடித்தபின் காலால் உதைத்தும் அசையவில்லை. பந்தலுக்கு இரும்புக் கடப்பாரை, எனக்கு விரல் நீள அலுமினியம். வித்தை ஒன்றே.

லேசான டென்ட்டுகளோடு வரும் கொக்கி மாதிரியான மெல்லிய கம்பி முளைகள் கெட்டியான மண்ணுக்கு நல்லவை. மழையில் ஊறிய மண்ணில் சுழன்று கயிற்றை விட்டுவிடும். மூன்று இறக்கை வைத்த முளைகள் சில கிராம்தான் கூடுதல். முக்கியமான நாலு இடத்துக்காவது அவற்றை வைத்துக்கொள்ளுங்கள்.

டிராக்கன்ஸ்பர்க் மேட்டில், 3,000 மீட்டர் உயரத்தில், மண் மேலாகத்தான் இருக்கும். நாலு விரல் ஆழத்தில் எரிமலைப் பாறை தட்டும். அங்கே எந்த முளையும் இறங்காது. கயிற்றின் நுனியை ஒரு சின்னக் கல்லில் கட்டி இழுத்து வையுங்கள். அந்தக் கல்லுக்கும் டென்ட்டுக்கும் நடுவே, கயிற்றின் மேல், தூக்க முடிந்ததில் பெரிய கல்லை வையுங்கள். காற்று இழுக்கும்போது சின்னக் கல் வந்து பெரிய கல்லில் முட்டி நின்றுவிடும். பெரிய கல்லிலேயே நேரடியாகக் கட்டினால் கூர் விளிம்பு கயிற்றை அறுக்கும். கல்லைப் புரட்டும் முன் கம்பால் தட்டுங்கள், அடியில் தேளோ விரியனோ இருக்கலாம். காலையில் கிளம்பும்போது கற்களை எடுத்த இடத்தில் திரும்ப வைத்துவிடுங்கள்.

காற்றில் ராத்திரி முழுக்கப் படபடக்கிறது, ஒரு பக்கம் உள்வாங்குகிறது

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழி கடல் தாண்டி நம்மோடு வந்து இங்கேயும் பலிக்கிறது. தமிழ்நாட்டில் ஆடிக்கு ஒரு காற்று. இங்கே ஆடி குளிர்கால முடிவு, காய்ந்த புல், வேறொரு காற்று. உள்நாட்டு மேட்டிலிருந்து கடலை நோக்கி, மலை இறங்க இறங்கச் சூடாகி வரும் பெர்க் காற்று. குளிர்காலத்தில் நடுப்பகல் கோடை மாதிரி கொதிக்கும், வடமேற்கிலிருந்து அடிக்கும். அதை நம்பி டென்ட்டின் வாலை வடமேற்கே வைத்துவிட்டுத் தூங்கினால் மோசம். அந்தச் சூடு, பின்னால் குளிர் வருகிறது என்பதற்கான அறிவிப்பு. சில மணி நேரத்தில் காற்று தெற்குக்கும் தென்மேற்குக்கும் திரும்பி, மழையோ பனிப்பொழிவோ கொண்டுவரும். காற்று திரும்பினால் விலாப்பக்கம் நேராக அடிவாங்கும், கம்பு உள்ளே சாயும்.

அதனால் வரப்போகும் காற்றுக்குத் தகுந்தபடி டென்ட்டைத் திருப்பிப் போடுங்கள். தாழ்ந்த, குறுகிய முனை காற்றைப் பார்க்க வேண்டும். வாசல் எதிர்ப்பக்கம். கம்பை ஐந்து சென்டிமீட்டர் இறக்கி, மூலைகளைத் தள்ளி அடித்தால் முழு உருவமும் தாழும், மேல்துணி தரையோடு சேரும். இந்த ராத்திரிக்கு உள்ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். பக்கச்சுவரின் நடுவே ஒரு சின்ன வளையம் சும்மா இருக்கும், பலர் அதைக் கவனிப்பதே இல்லை. அதில் ஒரு கயிறு கட்டி வெளியே இழுத்துவிட்டால் உள்வாங்குவது பாதியாகும், படபடப்பும் அடங்கும்.

கோடையில் கதை வேறு. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை, மதியத்துக்கு மேல் இடிமழை வழக்கம், சிலநாள் ஆலங்கட்டியும் சேரும். இடி இறங்கும்போது டென்ட் எந்தப் பாதுகாப்பும் தராது. நடுவில் உலோகக் கம்பு நிற்கும் துணி அது, அவ்வளவுதான். மலைமுகட்டிலோ தனிமரத்தின் அடியிலோ ஒருபோதும் போடாதீர்கள். மதியத்துக்குள் முகட்டை விட்டு இறங்கிவிடும்படி நடையைத் திட்டமிடுவதுதான் இதற்கு ஒரே வழி.

கம்பு மெல்ல மெல்ல இறங்குகிறது, அல்லது உடைந்துவிட்டது

இறங்கினால் பூட்டு தளர்ந்திருக்கும். மடக்குப் பூட்டில் சின்ன திருகாணி ஒன்று உண்டு, கால்சுற்று இறுக்கினால் போதும். இணைப்பில் மண் புகுந்திருந்தாலும் வழுக்கும், கழற்றித் துடைத்துக் காயவைத்துப் போடுங்கள். எண்ணெய் விடாதீர்கள்.

உடைந்துவிட்டால், கம்பைவிடச் சற்றுப் பெரிய அலுமினியக் குழாய்த் துண்டு ஒன்றை, ஒரு சாண் நீளத்தில், எப்போதும் பையில் வைத்திருப்பது உதவும். உடைந்த இடத்தின் மேல் சொருகி இரு முனையிலும் டேப் சுற்ற வேண்டும். தண்ணீர் பாட்டிலின் மேல் கொஞ்சம் டேப்பைச் சுற்றி வைத்துக்கொண்டால் தனிச் சுருள் சுமக்க வேண்டாம்.

ஜிப் மூடுகிறது, ஆனால் பின்னாலேயே பிரிந்துகொள்கிறது

பல் கெட்டுப்போகவில்லை, ஓடும் தலை விரிந்துவிட்டது. சின்ன இடுக்கியால் தலையின் இரு பக்கங்களையும் மாறிமாறி, மிக மெல்ல அழுத்துங்கள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். ஒரேயடியாக நெரித்தால் தலை உடையும். அதற்கு முன் பழைய டூத் பிரஷ்ஷால் பற்களில் உள்ள மண்ணைத் தேய்த்து எடுத்துவிட வேண்டும், தலையைத் தேய்ப்பதே அந்த மண்தான்.

கிழிசல்

பாலியூரித்தேன் துணியில் ஒட்டுத் துண்டு எளிதாகப் பிடிக்கும். மூலைகளை வட்டமாக வெட்டி ஒட்டுங்கள், கூர்மூலை உரியும். சிலிக்கான் துணியில் சாதாரண டேப் ஒரு ராத்திரிகூட நிற்காது. அதே துணியில் ஒரு துண்டை (டென்ட்டோடு வரும் பையின் ஓரத்திலிருந்தே வெட்டிக்கொள்ளலாம்) அந்தச் சிலிக்கான் பசையால் ஒட்டி, மேலே கனமான புத்தகம் வைத்து ஒரு நாள் விடுங்கள். கொசுவலையில் சின்னத் துளை என்றால் ஊசிநூலே போதும்.

காலோ தலையோ துணியில் இடிக்கிறது

டென்ட்டின் நீளம் என்று எழுதியிருப்பது தரை அளவு. சுவர் சாய்வாக இருப்பதால் படுக்கையின் உயரத்தில் அது குறைந்துவிடும், தடித்த காற்றுப் படுக்கையில் இன்னும் குறையும். நான் ஐந்தடி எட்டங்குலம், எனக்கே கால்பக்கம் உரசியது. கோணலாகப் படுத்தால் இடம் கிடைக்கிறது. தூக்கப்பையின் கால்நுனிக்கு மழைக்கோட்டைப் போர்த்திவிட்டால் உரசினாலும் நனையாது. ஆறடிக்கு மேற்பட்டவர்கள் வாங்கும் முன் கடையிலேயே விரித்து, படுக்கையும் போட்டுப் படுத்துப் பார்த்துவிடுங்கள்.

துணி பிசுபிசுக்கிறது, புளித்த வாடை அடிக்கிறது

டர்பன்காரர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். மலையில் ஒரு டென்ட் கெடுவதைவிட, நம் வீட்டு அலமாரியில்தான் அதிகம் கெடுகிறது.

பாலியூரித்தேன் பூச்சை ஈரமும் சூடும் சேர்ந்து மெல்லச் சிதைக்கும். நீர் அந்தப் பூச்சின் மூலக்கூறுகளை உடைக்கிறது. முதலில் விரலில் ஒட்டும், அப்புறம் வாந்தி மாதிரி ஒரு நெடி, கடைசியில் பூச்சு செதில் செதிலாக உதிரும். ஒட்டத் தொடங்கிய பூச்சை மீட்க முடியாது. இளஞ்சூட்டு நீரும் சோப்பும் கொண்டு தேய்த்துப் பழைய பூச்சை எடுத்துவிட்டு, புதிதாகப் பூசும் திரவம் போட்டு இன்னும் சில காலம் ஓட்டலாம். தரைத்துணி மட்டும் என்றால் அது தகும். மேல்துணி முழுக்கப் போய்விட்டது என்றால் நான் மாற்றிவிடுவேன். அந்தத் துணியை நம்பி 3,000 மீட்டரில் படுக்கக் கூடாது.

ஒட்டவில்லை, வாடையும் பூஞ்சையின் மக்கல் வாடைதான், கரும்புள்ளி தெரிகிறது என்றால் பிழைத்தீர்கள். துணி சோப்பு போடாமல், வாஷிங் மெஷினில் போடாமல், குளியல் தொட்டியில் மென்மையான சோப்பு நீரில் ஊறவைத்துக் கையால் அலசி, நிழலில் காயவிடுங்கள். புள்ளி போகாது, வாடை போய்விடும்.

மலையிலிருந்து ஞாயிறு சாயங்காலம் வந்ததும் பையை மூலையில் வைத்துவிட்டுத் தூங்கத்தான் தோன்றும். அன்றே டென்ட்டை வெளியே எடுத்துவிடுங்கள். நான் ராத்திரியில் வரவேற்பறை நாற்காலிகள் மேல் விரித்துவிட்டு, மறுநாள் துணிக் கம்பியில், கறிவேப்பிலை மரத்தின் நிழல் விழும் பக்கமாகப் போடுகிறேன். வெயில் நேரடியாகப் படக்கூடாது, புற ஊதாக் கதிர் நைலானின் பலத்தைத் தின்றுவிடும். தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தாலும் மடித்துத் தைத்த விளிம்புகளும் கயிறு வளையங்களும் இன்னும் ஈரமாக இருக்கும், அவற்றை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். முழுக்கக் காய்ந்ததும், அதோடு வந்த இறுக்கமான பையில் திணிக்காமல் பழைய பருத்தித் தலையணை உறையில் தளர்வாகப் போட்டு, காற்றோட்டமுள்ள இடத்தில் தொங்கவிடுங்கள். என்னுடையது படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது, அடுத்த மழைக்கு முன் ஒருமுறை உச்சித் தையலைப் பார்க்க வேண்டும்.